மாம்பழத்தில் பெரிய பங்கு யாருக்கு?

கேள்வி: வீட்டில் பேசவே கூச்சப்படும் விஷயங்களைக் கார்ட்டூனில் சொன்னால் எடுபடுமா? அந்தக் காலத்தில் யாராவது செய்திருக்கிறார்களா?
– ஒரு வாசகி, அத்திப்பட்டு

பதில்: தாராளமாக! மாதவிடாய் பற்றி 1946-லேயே படம் எடுத்தது டிஸ்னி. 1967-இல் டொனால்ட் டக்கே குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்கு வந்தது. ஆனால் என் ஓட்டு ராம் மோகனுக்குத்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு, 1956-இல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தவர். யுனிசெஃபின் கார்ட்டூன் சிறுமி 'மீனா' தொண்ணூறுகளில் அவர் கைவண்ணத்தில் உயிர்பெற்றாள்.

ஒரு கதையில் மீனா மரமேறி மாம்பழம் பறித்து வருவாள். பெரிய பங்கு தம்பி ராஜுவுக்கு! பிறகு இருவரும் ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்வார்கள். ராஜுவுக்கு நாக்குத் தள்ளிவிடும். அவன் தட்டில் விழுவதோ மீனாவுக்குக் கிடைக்கும் குறைந்த சோறு. எந்தப் பிரசங்கமும் இவ்வளவு சுருக்கெனத் தைக்காது. கார்ட்டூனுக்கு இன்னொரு பலமும் உண்டு: திரையில் நடிகர் வந்தால் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று துருவுவோம். வரைந்த பெண்ணோ எல்லா வீட்டுக்கும் மகள்.

வரதட்சணை, சிறுவயதுத் திருமணம் எல்லாவற்றையும் பேசினாள் மீனா. உங்கள் ஊர் அங்கன்வாடியில் டிவி இருந்தால் மாம்பழக் கதையைப் போடச் சொல்லுங்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாக்களையும் அவசியம் உட்கார வையுங்கள்!