பச்சை ரிப்பன் விழா: நன்றியுரை

அக்டோபர் 10, உலக மனநல நாள். எங்கள் அலுவலகத்திலும் விழா எடுத்தார்கள். நன்றியுரை என் தலையில் விழுந்தது. ஏன் நான் என்று கேட்டதற்கு, "டீம்லயே நீங்கதான் எப்பவும் நிதானமா இருக்கீங்க" என்றார் ஹெச்.ஆர். மேடம். எனக்கு இருமுனைக் கோளாறு. ஏழு ஆண்டுகளாக லித்தியம் சாப்பிடுகிறேன். மேடம் பாராட்டியது மாத்திரையை; நான் தலையாட்டிப் பெற்றுக்கொண்டேன்.

மேடையில் மூன்று வரி சொன்னேன். பின்னால் சமோசா ஆறிக்கொண்டிருந்ததால் பலமாகவே கைதட்டினார்கள். தொண்டையில் நின்றுபோன மீதி இது.

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

முதற்கண், இந்த விழாவுக்கு வரச்சொல்லி முந்தின நாள் இரவு 11.40க்கு மின்னஞ்சல் அனுப்பிய விழாக் குழுவுக்கு நன்றி. தலைப்பு, 'நல்ல தூக்கம், நல்ல மனம்'. வருகை கட்டாயம் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். விழாவில் செலவான ஒன்றரை மணி நேரத்தை மாலையில் உட்கார்ந்து சரிக்கட்ட வேண்டும் என்பதை மெல்லிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். கண் டாக்டருக்கும் வேலை கொடுத்த பெருந்தன்மைக்குத் தனி நன்றி.

நுழைவாயிலில் மூளை வடிவத்தில் கோலம் போட்டு முதல் பரிசு வென்ற பில்லிங் பிரிவுக்கு நன்றி. காலையில் எல்லோரும் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தோம். மதியம் இரண்டு மணிக்கு அதே மூளையை மிதித்துக்கொண்டு சாப்பிடப் போனோம். இந்த அலுவலகத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் வரைந்ததில்லை.

சிறப்பு விருந்தினர் தன்னம்பிக்கைப் பேச்சாளர் அவர்களுக்கு நன்றி. "டிப்ரஷன் எல்லாம் இப்ப வந்த ஃபேஷன். நம்ம பாட்டிக்கு வந்துச்சா?" என்று கேட்டீர்கள். வந்தது ஐயா. அதற்குப் பேய் என்று பெயர் வைத்து வேப்பிலையால் அடித்தோம். அடங்காதவர்களைக் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டினோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகம் என்று பெயர் வைத்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, ஓட முடியாமல் சங்கிலியோடு கருகிச் செத்தவர்கள் 28 பேர். "எல்லாம் மனசுலதான் இருக்கு, பாசிட்டிவா யோசிங்க" என்றீர்களே, அந்த 28 பேரில் யாருக்கு அந்த யோசனை குறைவாக இருந்ததால் பூட்டு திறக்கவில்லை என்பதை அடுத்த ஆண்டு விழாவில் விளக்கினால் நன்றியுடையவன் ஆவேன்.

அடுத்து, எனக்கு விருது கொடுத்த நிர்வாகத்துக்கு நன்றி. எட்டு ஆண்டுகளுக்கு முன், இது என்ன நோய் என்றே தெரியாத காலம். சோர்ந்து கிடந்தேன் என்று ஒருவர் மனச்சோர்வு மாத்திரை எழுதிக்கொடுத்தார். இருமுனைக்காரனுக்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் மறுமுனைக்கு எகிறிவிடக்கூடும்; நான் எகிறினேன். இரவு இரண்டு மணி நேரம் தூங்கினால் போதும் என்றிருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல். ஒரே வாரத்தில் மூன்று புதிய தயாரிப்புத் திட்டங்கள். கூட்டத்தில் யாரையும் பேசவிடாமல் நானே பேசினேன். கடன் அட்டையில் ஒன்றே கால் லட்சத்துக்கு எதையெதையோ வாங்கினேன். குறைந்த தூக்கம், நிற்காத பேச்சு, வானளாவிய திட்டம், கணக்கில்லாத செலவு: மருத்துவர் இந்தப் பட்டியலைப் படித்தால் பித்துநிலை என்கிறார். எங்கள் நிர்வாகம் படித்துவிட்டு 'காலாண்டின் நட்சத்திர ஊழியர்' என்றது. கண்ணாடிக் கேடயம் இன்னும் வீட்டில் இருக்கிறது. என் மருத்துவக் கோப்பு காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் வைத்திருக்கிறேன்.

பிறகு சரியான மருத்துவர் கிடைத்தார், சரியான மருந்து கிடைத்தது, தூங்கினேன், மனிதனானேன். அந்த ஆண்டு மதிப்பீட்டில் என் மேலாளர் எழுதியது: 'முன்பிருந்த ஸ்பார்க் இல்லை.' கையோடு பிஐபி. தெரியாதவர்களுக்கு: செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம், கதவு எந்தப் பக்கம் என்று 60 நாள் அவகாசத்தில் காட்டும் மரியாதை. நோய் தலைக்கேறியபோது கேடயம், இறங்கியபோது எச்சரிக்கைக் கடிதம். இந்த அலுவலகத்தில் குணமாவதுதான் ஒழுங்கீனம்.

எங்கள் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்வானேன்? 2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் வெளியான காணொளியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90க்கு ஏற்றினார். வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். ஏலத்தில் அடுத்த குரலுக்காகத் தேசம் காத்திருக்கிறது. ஞாயிறும் சேர்த்துப் பார்த்தால் 90 என்பது நாளுக்கு ஏறக்குறைய பதிமூன்று மணி நேரம். என் பித்துநிலைக்கு ஒப்பானது. வித்தியாசம், எனக்கு அதற்கு மாத்திரை கொடுத்தார்கள்.

மாத்திரை என்றதும் நினைவுக்கு வருகிறது. என் கை நடுக்கத்தைக் கவனித்த நண்பர்களுக்கு நன்றி. லித்தியம் சாப்பிட்டால் சிலருக்கு விரல் நடுங்கும், தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்து போக வேண்டிவரும். காபிக் கோப்பை தளும்பியதைப் பார்த்து, "என்ன மச்சி, நேத்து ராத்திரி கொஞ்சம் ஓவரோ?" என்றான் ஒருவன். ஆமாம் என்று கண்ணடித்தேன். அன்றுமுதல் நான் குடிகாரன். அதுவரை யாரும் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை. அதற்குப்பின் வெள்ளிக்கிழமை தவறாமல் அழைப்பு வந்தது. குடிகாரனுக்கு இங்கே கூட்டாளிகள் உண்டு. மாத்திரைக்காரனுக்கு 'கீழ்ப்பாக்கம்' உண்டு. சென்னையில் 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்த இடம். நமக்கு அது ஒரு வசவு, சினிமாவுக்கு ஒரு காமெடி டிராக். போன வாரம்கூட, முடிவை மாற்றிக்கொண்ட வாடிக்கையாளரை "அந்தாளு பைபோலார்டா" என்று மேலாளர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

விடுப்புக்கு மருத்துவச் சான்று கேட்கும் பிரிவுக்கு நன்றி. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, என் நோய் குறித்த ரகசியம் என் உரிமை என்கிறது. என் மருத்துவரின் லெட்டர்பேடு தலைப்பிலேயே 'மனநல மருத்துவர்' என்று அச்சாகி வருகிறது. எனவே தெருமுனை டாக்டரிடம் போய் வேறு வியாதி வாங்கி வருவேன். இந்த அலுவலகப் பதிவேட்டின்படி எனக்கு இரண்டு முறை டெங்கு, ஒரு முறை மஞ்சள் காமாலை. இந்த உடம்போடு நான் உயிருடன் இருப்பதே மருத்துவ அதிசயம்.

மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டு, மறுநாள் விடியலில் தோட்டத்தில் கீழாநெல்லி பறித்துக் கொண்டுவந்து, "மோருல அரைச்சுக் குடிப்பா, மூணு நாள்ல எறங்கிடும்" என்று தந்த ரிசப்ஷன் அக்காவுக்கு நன்றி. இந்த உரையில் கிண்டல் கலக்காத நன்றி இது ஒன்றுதான். அக்கா, எனக்கு வந்தது வேறு. சொல்லியிருந்தால் அதற்கும் ஏதாவது பறித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். சொல்லும் தைரியம் எனக்கு இல்லாமல் போனது.

காப்பீட்டுக்கு நன்றி. உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் குழுக் காப்பீடு அதை அட்சரம் பிசகாமல் மதிக்கிறது: மருத்துவமனையில் படுத்தால் பணம் உண்டு. படுக்காமல் இருப்பதற்காக நான் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும், ரத்தப் பரிசோதனைக்கும், மருத்துவர் கட்டணத்துக்கும் இல்லை. விழுந்தால் தூக்குவார்களாம், நிற்பதற்குக் கைத்தடி கேட்கக் கூடாதாம்.

இதில் ஒரு வேடிக்கை. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இஎஸ்ஐ என்ற அரசுக் காப்பீடு உண்டு. அதன் நீண்டகால நோய்ப் பட்டியலில் காசநோய், புற்றுநோயோடு என் நோயும் பழைய பெயரில் இருக்கிறது. தகுதி இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதத்தை இரண்டாண்டு வரை தருவார்கள். நாங்கள் அந்த வரம்பைத் தாண்டி ஏசி அறைக்கு உயர்ந்துவிட்டோம். எங்களுக்கு விழாவும் பலூனும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. சலுகை வேண்டுமானால் குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு என்று சான்று வேண்டும். அதை அளக்கும்போது தன்னைப் பார்த்துக்கொள்கிறானா, பிறரோடு பழகுகிறானா, பேசுவது புரிகிறதா, வேலை பார்க்கிறானா என்று நான்கையும் கேட்பார்கள். வேலை பார்த்தால் மதிப்பெண் குறையும். ஆக, வேலையில் இருக்கும்வரை எனக்கு நோய் போதாது. நோய் போதுமான அளவுக்கு வந்தபின் வேலை இருக்காது.

2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிஆர்பிஎஃப் அதிகாரி ஒருவரின் வழக்கில், மனநலக் குறைபாட்டோடு தொடர்புள்ள நடத்தைக்காக ஒருவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதே மறைமுகப் பாகுபாடு என்றது. பிஐபி அச்சடிக்கும் இயந்திரத்தின் மேல் அந்தத் தீர்ப்பை யாராவது ஒட்டிவைத்தால் தேவலை. நம் வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போட்டிருக்கிறீர்கள், நல்லது. எனக்கும் ஒரு சரிவுப் பாதை வேண்டும். சிமெண்டு தேவையில்லை. இரவுப் பணி வேண்டாம். தூக்கம் கெட்டால் எனக்கு நோய் திரும்பும். மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில். சித்திரை வெயிலில் உடம்பு வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகும். சில மாதங்களுக்கு ஒரு முறை, மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க அரை நாள். மொத்தச் செலவு இன்றைய பலூனைவிடக் குறைவு. கேட்டால்தானே கிடைக்கும் என்பீர்கள். கேட்டால் தெரிந்துவிடுமே. அதனால் நான் இங்கே இரண்டு வேலை பார்க்கிறேன்: சம்பளம் தரும் வேலை ஒன்று, நோயை ஒளிக்கும் வேலை ஒன்று. முதல் வேலைக்கு ஆண்டுக்கு 12 நாள் விடுப்பு. இரண்டாவதற்கு ஞாயிறுகூடக் கிடையாது.

நான் மட்டுமா? நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. இந்த அரங்கில் 300 பேர் இருக்கிறோம். முப்பது பேராவது இங்கே மனநல விழிப்புணர்வுக்கான பச்சை ரிப்பனைக் குத்திக்கொண்டு, யாருக்கோ வந்த நோய்க்காகக் கைதட்டுவதுபோல் நடித்துக்கொண்டிருக்க வேண்டும். போன மாதம் உங்களுக்கு வந்த டெங்கு குணமாயிற்றா, தோழர்களே?

இறுதியாக, மைக் செட் அமைத்தவருக்கும், சமோசா வழங்கிய கேண்டீனுக்கும், நிறுவன முத்திரை குத்திய ரப்பர்ப் பந்தைத் தந்து 'டென்ஷன் வந்தால் இதை அமுக்குங்கள்' என்ற ஸ்பான்சருக்கும் நன்றி. யார் பெயரேனும் விடுபட்டிருந்தால் பொறுத்தருள்க.

இவ்வளவையும் நான் பேசவில்லை. விழா முடிந்து இருக்கைக்கு வந்தபோது கணினியில் ஒரு படிவம் காத்திருந்தது: 'உங்களுக்கு மன அழுத்தம் உள்ளதா? ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பிடுக. உங்கள் பதில் முற்றிலும் ரகசியமானது.' அதற்குக் கீழே சிவப்பு நட்சத்திரக் குறியோடு, 'ஊழியர் எண் கட்டாயம்.'

2024 டிசம்பரில் நொய்டாவின் நிறுவனம் ஒன்று இதேபோல் கேட்டுவிட்டு, அதிக அழுத்தம் உண்டு என்று சொன்னவர்களை வேலையைவிட்டு அனுப்பியதாக ஒரு மின்னஞ்சல் ஊரெல்லாம் பரவியது. பிறகு, யாரையும் அனுப்பவில்லை, எல்லாம் திட்டமிட்டுச் செய்த விளம்பரம் என்றது அந்த நிறுவனம். நாட்டில் ஒருவருக்கும் முதல் செய்தியை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை.

ஊழியர் எண்ணை அடித்தேன். அழுத்தம்: ஒன்று. விழா: ஐந்து. கருத்து கேட்ட கட்டத்தில், 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது, நன்றி' என்று எழுதினேன். கை கொஞ்சம் நடுங்கியது. பக்கத்து இருக்கைக்காரன் பார்த்துவிட்டுக் கண்ணடித்தான்.