ஆட்டுக்குத் தேதி மாற்றம்

தைப்பூசத்தன்று வள்ளலார் நினைவு நாள் என்று இறைச்சிக் கடைகளை மூட ஆண்டுதோறும் உத்தரவு வருகிறது. முந்தின நாளே அரை கிலோ வாங்கி ஃபிரிட்ஜில் வைப்பதைத் தடுக்கும் உத்தரவுதான் இன்னும் வரவில்லை. ஒரு நாளாவது ஓர் உயிர் பிழைக்கிறதே என்பார்கள். ஆடு பிழைப்பதில்லை, அதன் தேதிதான் தள்ளிப்போகிறது. சேத்தியாத்தோப்பு மாமியார் வீட்டில் வீராணம் ஏரி விரால் குழம்பை மாப்பிள்ளை வேண்டாமென்றால், அது ஜீவகாருண்யமாகப் படாது. சம்பந்தி வீட்டுக்குச் செய்த அவமரியாதையாகத்தான் படும். ஆகவே, 'துண்டு வேண்டாம், குழம்பு மட்டும் ஊற்றுங்க' என்று கொள்கையும் உறவும் ஒரே இலையில் காப்பாற்றப்படுகின்றன.

வள்ளலார் இப்படி வளைந்தாரா என்று கேட்கலாம். புலாலில் வளையவில்லை, உண்பவரைப் புறவினத்தார் என்றே பிரித்தார். ஆனால் பசி என்று வந்தால் அவர்களுக்கும் சோறிடச் சொன்னார். 1867-ல் வடலூர் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. நேற்று என்ன தின்றாய் என்று பந்தியில் யாரும் விசாரிப்பதில்லை. இலையை மட்டும் பார்த்து அறம் பேசுவதில் ஒரு வசதி, வயலைப் பார்க்க வேண்டாம். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், என்.எல்.சி. நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிர் மேல் இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ எடுத்தது, இழப்பீடும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். சரி, அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. நெல் சுத்த சைவம். அன்றைக்கு எந்தக் கடையையும் மூடச் சொல்லவில்லை.