முட்டையும் கோழியும்

ஏலக்கூடத்தில் விலைபோவது கைவேலை என்று நம்புகிறவர்கள் 1964-இல் நியூயார்க்கில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டர் 1887-இல் மனைவிக்குக் கொடுத்த, ஃபேபர்ஜே நகைக்கூடம் செய்த முட்டை, பிறப்பு வளர்ப்பு தெரியாமல், முட்டை வடிவத் தங்கக் கடிகாரம் என்ற அளவில் 2,450 டாலருக்குப் போனது. பிற்பாடு அது ஒரு பழைய உலோக வியாபாரியிடம் சிக்கியது. உருக்கி விற்கத்தான் வாங்கினார். அவர் கொடுத்த விலை எடைக்கு அதிகம் என்று மற்றவர்கள் ஒதுங்கியதால் முட்டை தப்பியது. (கணக்குப் பிசகுக்கும் கலைச் சேவையில் பங்குண்டு.) பெயர் தெரிந்ததும் மதிப்பு கோடிகளில் ஏறியது. முட்டையில் ஒரு கீறல்கூடக் கூடவில்லை.

அதே ஃபேபர்ஜேயின், ரோஜா நிற எனாமல் பூசிய ராத்ஸ்சைல்ட் முட்டை 2007-இல் லண்டனில் ஏறக்குறைய 90 லட்சம் பவுண்டு பெற்றதே, அந்த எனாமலை இன்று யார் பூசுவார் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அரிய வேலைப்பாடு 1964-இலும் அரியதுதானே? சரி, பழமைக்குத்தான் விலை என்றால், சீனத்துச் செங்குவா பேரரசர் காலத்து, கோழி வரைந்த பீங்கான் கிண்ணத்தைப் பின்வந்த குயவர்கள் அச்சு அசலாகச் செய்தார்கள்; அவையும் நூற்றாண்டுகள் கண்டவை. அதே சேவல், அதே குஞ்சுகள்; விலை மட்டும் ஒட்டவில்லை. அசல் 2014-இல் ஹாங்காங்கில் 3.6 கோடி டாலரைத் தொட்டது. வாங்கிய லியூ யீச்சியான் அதில் தேநீர் குடித்தபோது ரசிகர்கள் பதறினார்கள். கிண்ணத்தைக் கிண்ணமாக மதித்தவர் அந்த வியாபாரத்தில் அவர் ஒருவர்தான்.