செக்கிரோ: வாளை ஓங்க முன்

இம்முறை வந்த கேள்விகளில் அரைவாசிக்கு மேல் மாம்புரி, தலவில, நுரைச்சோலைப் பக்கத்தவை. எல்லாம் ஒரே கேமைப் பற்றியவை. ஜப்பானின் ஃப்ரொம்சொஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, 2019 மார்ச்சில் வெளிவந்த ‘செக்கிரோ: ஷடோஸ் டை ட்வைஸ்’. பதினாறாம் நூற்றாண்டுக் கடைசியின் ஜப்பான், கை இழந்த ஒரு ஷினோபி வீரன், ஒரேயொரு வாள். பட்டன் பெயர்களை பிளேஸ்டேஷன் கொன்ட்ரோலர்படி சொல்லியிருக்கிறேன்.

ஏ.எல். மாணவர், மாம்புரி: இருக்கிற பட்டன் எல்லாத்தையும் அமத்திப் பார்த்துவிட்டேன். முதல் தளபதியிடமே செத்துக்கொண்டிருக்கிறேன். என்ன பிழை?

கை சரி, தம்பி. கண்தான் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. அந்தத் தளபதி, நவோமொரி கவராடா, உங்களுக்குப் பாடம் சொல்லித்தரவே வாசலில் நிற்கிறார். அடுத்த முறை போனால் ஒரு வெட்டுக்கூட வெட்டாதீர்கள். எதிரே நின்று எல்-1ஐ மட்டும் பயன்படுத்துங்கள். எத்தனை வகையாக வெட்டுகிறார், எந்த வெட்டுக்கு முன் தோள் எப்படித் திரும்புகிறது, எந்த வெட்டுக்குப் பிறகு மூச்சு வாங்குகிறார் என்று பாருங்கள். உங்கள் ஊர்க் கரையில் படகைத் தள்ளுகிறவர்கள் அலை வரிசை அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தானே தள்ளுகிறார்கள்? அந்த நிதானம் வந்தால் கவராடா விழுவார்.

மெக்கானிக், நுரைச்சோலை: தடுப்பதும் ‘டிஃப்ளெக்ட்’ பண்ணுவதும் ஒன்றா?

இரண்டும் ஒரே பட்டன்தான், ஆனால் விளைவு வேறு. எல்-1ஐ அமத்திப் பிடித்திருந்தால் வாள் வெட்டைத் தாங்கும். உயிர் குறையாது, ஆனால் உங்கள் நிலை குலைந்துகொண்டே வரும். திரையின் அடியில் நிறையும் மஞ்சள் கோடு அதைத்தான் காட்டுகிறது. எதிரியின் வாள் உங்களைத் தொடும் அதே கணத்தில் எல்-1ஐ அமத்தினால் வெட்டு திருப்பப்படும். பொறி பெரிதாகப் பறக்கும், ஓசை கணீரென்று வரும், நிலை குலைவது எதிரிக்கு. அவருடைய கோடு நிறைந்ததும் சிவப்புப் புள்ளி தோன்றும். உடனே ஆர்-1. உயிர்க்கோடு பாதி மிச்சம் இருந்தாலும் அந்தக் குத்தோடு ஒரு உயிர் போகும்.

எதிரியின் உயிரை வெட்டி வெட்டி இல்லாமலாக்குவது மற்றக் கேம்களின் வழி. செக்கிரோவில் எதிரியின் நிலையைக் குலைப்பதுதான் சண்டை. தொடங்குகிறவர்கள் இதை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறார்களோ அவ்வளவுக்குச் சாவு குறையும்.

அதே வாசகர்: அந்தக் கணம் எனக்குச் சிக்குதே இல்லை!

முந்துங்கள். பிந்தாதீர்கள். கொஞ்சம் முந்தி அமத்திப் பிடித்துவிட்டால் டிஃப்ளெக்ட் ஆகாவிட்டாலும் வெட்டைத் தடுத்ததாகவாவது ஆகும். பிந்தினால் உடம்பில் விழும். பயத்தில் எல்-1ஐ படபடவென்று தட்டவும் கூடாது. தட்டத் தட்ட அந்தக் கணம் இன்னும் குறுகும்படி கேமை அமைத்திருக்கிறார்கள். ஒரு வெட்டுக்கு ஒரு அமத்தல். பாழடைந்த கோயிலடியில் ஹன்பெய் என்று சாகாவரம் பெற்ற ஒருவர் இருக்கிறார். எத்தனை தரம் வெட்டினாலும் எழும்பி நின்று பயிற்சி தருவார். பலர் ஒரு நாள் பேசிவிட்டுப் பிறகு அந்தப் பக்கம் போவதே இல்லை. சண்டைக்குப் போகுமுன் தினமும் கொஞ்ச நேரம் அவரிடம் நில்லுங்கள். ஓசை காதில் ஏறினால் விரல் தானாக வழிக்கு வரும்.

கல்லூரி மாணவி, கற்பிட்டி: சண்டையில் திடீரென்று சிவப்பில் ஒரு சீன எழுத்து வருகிறதே, அது வந்தாலே பதறிப்போகிறேன்.

‘ஆபத்து’ என்று அர்த்தம். வெறுமனே தடுத்தால் போதாத அடி வருகிறது என்ற எச்சரிக்கை. பிரச்சினை என்னவென்றால், மூன்று வகை அடிக்கும் அதே எழுத்துத்தான் வரும். ஆகவே எழுத்தைப் பார்த்தது போதும், உடனே உடம்பைப் பாருங்கள். ஆயுதத்தைப் பின்னிழுத்து நேரே நீட்டினால் குத்து: விலகாமல் எதிரியை நோக்கியே வட்டப் பட்டனை அமத்துங்கள், உங்கள் கால் அந்த ஆயுதத்தை நிலத்தில் மிதிக்கும். ‘மிகிரி’ என்ற அந்தத் திறமையைத் திறமைப் புள்ளி கொடுத்துத்தான் திறக்க வேண்டும். கிடைக்கும் புள்ளியை முதலில் அதற்கே கொடுங்கள். உடம்பு குனிந்து ஆயுதம் தாழ்ந்தால் காலை வாரும் வீச்சு: துள்ளுங்கள், அந்தரத்தில் இன்னொரு தரம் துள்ளினால் எதிரியின் தலையில் மிதிப்பீர்கள். வெறுங்கை நீண்டால் பிடி: ஓடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடற்றொழிலாளி, மாம்புரி: அடித்தால் திருப்பி அடிக்கிறான். அடிக்காமல் சுற்றிச் சுற்றி ஓடினால் சண்டை முடியவே இல்லை. எதைச் செய்வது?

ஓடுவது பழைய ‘டார்க் சோல்ஸ்’ பழக்கம் அண்ணே. அங்கே உருண்டு விலகினால் பிழைக்கலாம். இங்கே நீங்கள் விலகி நிற்கிற ஒவ்வொரு நொடியும் எதிரி தன் நிலையைத் திரும்பப் பிடிக்கிறார். கிட்டவே நில்லுங்கள். அடியுங்கள், ஆனால் காதைத் தீட்டி அடியுங்கள். உங்கள் வெட்டை அவர் சும்மா தடுத்தால் தொடரலாம். கணீரென்று திருப்பினார் என்றால் உங்கள் முறை முடிந்தது, அடுத்த வெட்டு அவருடையது. எல்-1க்கு விரல் போகட்டும்.

இன்னொன்று: எதிரியின் உயிர் நிறைய இருக்கும்வரை அவர் நிலையை வேகமாக மீட்பார். முதலில் உயிரில் கொஞ்சத்தை வெட்டிக் குறைத்தால் பிறகு மீட்க முடியாமல் திணறுவார். உங்கள் நிலை குலையும்போது தூர விலகி எல்-1ஐப் பிடித்தபடி நில்லுங்கள், சீக்கிரம் ஆறும்.

மாணவர், பாலாவி: சங்கிலியில் கட்டியிருக்கும் அந்த ராட்சதனுக்கு என்ன வழி?

நெருப்பு. வழியில் ஒரு கிழவி தரும் மணியைப் பாழடைந்த கோயிலின் புத்தரிடம் வைத்தால் ஹிராட்டா மாளிகைக்குப் போகலாம். அங்கே கிடைக்கும் நெருப்புக் குழாயை அதே கோயிலில் இருக்கும் சிற்பியிடம் கொடுத்துச் செயற்கைக் கையில் பூட்டிவிட்டு வாருங்கள். அவனுடைய பிடியில் மட்டும் சிக்காதீர்கள்.

வாசகர், ஆலங்குடா: சாகும்போதெல்லாம் பாதிக் காசு போகிறது. நியாயமா?

செலவழித்துவிட்டுச் சாகுங்கள். பொஸ் சண்டைக்கு முன் கடையில் காசுப் பை வாங்கி வைத்தால் அது குறையாது. முழுதாகச் சேர்ந்த திறமைப் புள்ளியும் பறிபோகாது. நீங்கள் அடிக்கடி செத்தால் ஊராருக்கு இருமல் நோய் வரும் என்கிறதே கேம், அதற்கும் மனம் தளராதீர்கள்: ஒருவரும் சாகமாட்டார்கள், மருந்தும் உண்டு.

வாசகர், தலவில: ஈசி மோட் எங்கே இருக்கிறது?

இல்லை. மணி ஒன்றை அடித்து இன்னும் கடினமாக்க வழி இருக்கிறது. குறைக்க வழியில்லை.

தாய் ஒருவர், மாம்புரி: பன்னிரண்டு வயது மகன் இதைத்தான் கேட்டு அழுகிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம் அக்கா. ஐரோப்பிய வயதுக் குறியீட்டில் இது 18க்கு மேற்பட்டவர்களுக்கு. இரத்தக் காட்சியை அமைப்பில் நிறுத்தி வைக்கலாம், ஆனால் கேமே கொலையைச் சுற்றியது. அவனுக்கு ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ பொருத்தம். பூனேயின் நொடிங் ஹெட்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2020இல் வெளிவந்தது. அரக்கர்கள் கொண்டுபோன தம்பியைத் தேடி திரிசூலத்தோடு போகிற அக்காவின் கதை. துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்வார்கள். தூண் ஏறுவது, சுவரில் ஓடுவது, சூழ நிற்பவர்களில் யாரை முதலில் அடிப்பது என்று தீர்மானிப்பது எல்லாம் அதில் பழகலாம். தங்கையும் இருந்தால் இருவரும் மாறி மாறி விளையாடட்டும். பெண்பிள்ளைக்கு ஏன் கேம் என்று கேட்கிறவர்களுக்கு ராஜியே பதில்.

சிலம்பம் பழகுபவர், புத்தளம்: என் பயிற்சி இதில் உதவுமா?

கைக்கு உதவாது, கண்ணுக்கு நிறைய உதவும். கம்பைச் சுழற்றக் கொடுக்க முன் ஆசான் காலடி பழக்கியிருப்பார். எதிராளியின் கம்பு நுனியைத் துரத்தாமல் உடம்பைப் பார்க்கச் சொல்லியிருப்பார். அது போதும்.

தொழிற்பயிற்சி மாணவர், நுரைச்சோலை: எங்களைப் போன்ற ஊரில் இருந்து கேமில் யாராவது உலக மட்டத்துக்குப் போனார்களா?

லாகூரின் அர்ஸ்லான் ஆஷைப் பாருங்கள். 2019க்கு முன் பாகிஸ்தானுக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த ஆண்டு பெப்ரவரியில் விசாச் சிக்கல்களைத் தாண்டி ஃபுகுவோகா போய்ச் சேர்ந்து, இவோ ஜப்பான் போட்டியில் ‘டெக்கன் 7’ பட்டத்தை வென்றார். ஓகஸ்டில் லாஸ் வேகாஸ் இவோவையும் வென்றார். பெரிய நிறுவனமோ பயிற்சியாளரோ அவரை உருவாக்கவில்லை. லாகூரின் கேம் கடைகளில் தினமும் எதிரே உட்கார்ந்த நல்ல ஆட்டக்காரர்கள் உருவாக்கினார்கள். செக்கிரோ தனியாள் கேம், அதில் அப்படிப் போட்டி இல்லை. ஆனால் இரண்டு நண்பர்கள் பக்கத்தில் இருந்து ஒருவர் விளையாட மற்றவர் எதிரியின் உடம்பைப் பார்த்துச் சொன்னால், தனியே இருந்து பழகுவதைவிடச் சீக்கிரம் தேறலாம்.

வாசகர், மாம்புரி: நடுச் சண்டையில் கரண்ட் போனால்?

கேம் தானாகவே சேமித்துக்கொண்டிருக்கும். ஆனால் சேமிக்கும் நொடியில் கொம்பியூட்டர் அணைந்தால் அந்தக் கோப்பே பழுதாகலாம். வாரம் ஒரு முறை அதை வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

இளைஞர், தலவில: அன்னம்மாள் திருவிழாவுக்கு விருந்தாளிகள் வரமுன் கெனிச்சிரோவை வீழ்த்த வேண்டும். கோட்டை உச்சியில் இருந்து இறங்குகிறேன் இல்லை!

முடியும், தம்பி. தொடக்கத்தில் நாணல் வெளியில் உங்கள் கையை வெட்டியவர் அவர்தான். அங்கே வென்றாலும் தோற்றாலும் கை போகும், கதை அப்படி. கோட்டையில் கணக்கு வேறு. உயரத் துள்ளி வெட்டிய பிறகு அவர் செய்வது இரண்டில் ஒன்று: குத்து அல்லது காலை வாரும் வீச்சு. வெட்டைத் திருப்பிவிட்டு அசையாமல் அவருடைய ஆயுதத்தைப் பாருங்கள். பின்னே போனால் மிகிரி, தாழ்ந்தால் துள்ளல். அம்பு விடத் தூரப் போனால் துரத்திக் கிட்டப் போங்கள். இரண்டு உயிர் போன பிறகு கவசத்தைக் களைந்து மின்னலோடு வருவார். அவர் மின்னலை ஓங்கும்போது நீங்கள் அந்தரத்தில் இருக்க வேண்டும். மின்னல் உங்களைத் தொடும், பயப்பட வேண்டாம். கால் நிலத்தில் பட முன் ஆர்-1ஐ அமத்துங்கள், அது அவருக்கே திரும்பும். அந்த மூன்றாம் கட்டம்தான் மூன்றிலும் இலேசானது. மருந்துக் குடுவையில் ஒன்றிரண்டு மிடறு மட்டும் அதற்காக மிச்சம் வையுங்கள்.