ஒரு மெசேஜுக்கு ஏழு பேரா?

கே: நெட்வொர்க்கிங் பாடத்தில் ஓ.எஸ்.ஐ. மாடலுக்கு ஏழு அடுக்குகள் என்கிறார்களே, ஒரு மெசேஜ் அனுப்ப இத்தனை பேர் எதற்கு?

ப: கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவர் வேறு, சாம்பார் ஊற்றுகிறவர் வேறு இல்லையா? அவரவர் வேலை அவரவருக்கு!

அடியிலுள்ள பிசிக்கல் லேயர், பிட்டுகளை மின்சாரமாகவோ ஒளியாகவோ ரேடியோ அலையாகவோ அனுப்பும். அது காதல் கடிதமா, கரண்ட் பில்லா என்று பார்க்காது. டேட்டா லிங்க், மேக் முகவரி பார்த்துப் பக்கத்துச் சாதனத்தில் சேர்க்கும். நெட்வொர்க் லேயர், ஐ.பி. முகவரி பார்த்து ஊர் கடந்து வழி காட்டும். டிரான்ஸ்போர்ட்டில் இரண்டு பேர்: டி.சி.பி. கறார் பேர்வழி, தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பி, வரிசையும் சரிபார்க்கும், யு.டி.பி. அனுப்பிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காது. செஷன் உரையாடலைத் தொடங்கி முடிக்கும். பிரசென்டேஷன் தகவலின் வடிவத்தை மாற்றும். அப்ளிகேஷன் உங்கள் பிரவுசருக்குச் சேவை செய்யும்.

வேடிக்கை என்னவென்றால், சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. இந்த மாடலை வெளியிட்டது 1984-ல். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டோ 1983 ஜனவரி 1 அன்றே டி.சி.பி./ஐ.பி.க்கு மாறிவிட்டது. இன்றைய இணையம் ஓடுவதும் அதில்தான். அங்கே மேல் மூன்று அடுக்குகளும் ஒன்றாகிவிட்டன.

ஏழடுக்கு இப்போது பரீட்சைக்கும் பழுது தேடவும் உதவுகிறது. நெட் வரவில்லையா? அடியிலிருந்து ஆரம்பியுங்கள்: முதலில் கேபிள் செருகியிருக்கிறதா பாருங்கள்!