பிரியாணிக்குப் பிறகு பேசுவது யார்?

கருத்தரங்கு நடத்துகிறவர்களுக்கு ஒரு கண்டம் உண்டு. அது மதியம் இரண்டு மணி. காலையில் குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று பொழுது எப்படியோ ஓடிவிடும். சாப்பாடு முடிந்து வருகிற முதல் அமர்வுதான் ஆளைச் சோதிக்கும். சங்கரன்கோவில் பக்கத்துக் கல்லூரியில் சிம்போசியம் என்றால் சோதனை இரட்டிப்பு. ஊர் ஆட்டுக்கறி பிரியாணிக்குப் பேர்போனது. அதை ஒரு கை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த மூன்றாமாண்டு மாணவனிடம் ‘செயற்கை நுண்ணறிவின் எதிர்காலம்’ என்று ஆரம்பித்தால், இரண்டாவது ஸ்லைடு வருவதற்குள் அவனுக்குக் கண் சொருகிவிடும். பேச வந்தவரும் அதே பிரியாணியைத்தான் சாப்பிட்டிருப்பார் என்பது தனிக்கதை.

இந்தத் தூக்கம் உலகப் பொதுவானது. அதனால்தான் கணினிக்காரர்கள் தங்கள் கூட்டத்துக்குக் கணினியோடு ஒட்டும் இல்லாத, உறவும் இல்லாத ஆட்களை வருந்தி அழைக்கிறார்கள். 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியானபோது பில் கேட்ஸுக்குப் பக்கத்தில் நின்று சிரிப்பு மூட்டியவர் தொலைக்காட்சிக்காரர் ஜே லெனோ. 2006இல் லாஸ் வேகஸ் மின்னணுக் கண்காட்சியில் கூகுளின் லாரி பேஜ் பேசிய மேடைக்கு நடிகர் ராபின் வில்லியம்ஸ் வந்து சேர்ந்தார். 2013இல் அதே கண்காட்சியில் சிப் தயாரிக்கும் குவால்காம், குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் மஞ்சள் நிற ராட்சதப் பறவையான பிக் பேர்டையே மேடையேற்றியது. சிப்புக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நம்மூர் கணிப்பொறித் துறை விழாவுக்குச் சின்னத்திரை நட்சத்திரம் வருவதற்கு என்ன சம்பந்தமோ அதேதான்.

2024 மே மாதம் கூகுள் தன் வருடாந்தர மாநாட்டைத் தொடங்கிய விதம் இன்னும் விசேஷம். மேடையில் ஆள் உயரத்துக்கு ஒரு காப்பிக் கோப்பை. அதற்குள்ளிருந்து அங்கி அணிந்த இசைக்கலைஞர் மார்க் ரெபியே எழுந்து வந்து, போட்ட கூச்சலில் அரங்கமே முழித்துக்கொண்டது. கூட்டத்தின் கடைசியில், மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை, “ஏஐ” என்ற சொல் அன்றைக்கு எத்தனை தடவை அடிபட்டது என்று தங்கள் ஏஐயான ஜெமினியையே எண்ணச் சொல்லிக் காட்டினார். விடை 120. நியாயமாகப் பார்த்தால், கோப்பைக்காரரை அந்த 120க்கும் நடுநடுவே பிரித்துப் பிரித்து விட்டிருக்க வேண்டும்.

ஆனால் பிரபலத்தைப் பிடித்துக்கொண்டு வந்து கையில் நம் வசனத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? 2014 ஜனவரியில் சாம்சங்குக்குத் தெரிந்தது. வளைந்த திரை கொண்ட டிவியைப் புகழ்வதற்கு ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ இயக்குநர் மைக்கேல் பேயை அழைத்திருந்தார்கள். எழுதிக் காட்டும் திரை காலை வாரியது. சொந்தமாகச் சமாளிப்பதாகச் சொன்னவர், “டிவி எப்படி இருக்கிறது?” என்று சாம்சங் அதிகாரி எடுத்துக் கொடுத்தும் தடுமாறி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேடையை விட்டே இறங்கிப் போய்விட்டார். படத்தில் ஊரையே வெடிவைத்துத் தகர்க்கிறவருக்கு ஒரு டிவியைப் பற்றி நான்கு வாக்கியம் வரவில்லை. பாவம், அது அவர் சரக்கு இல்லை.

சொந்தச் சரக்கோடு வருகிறவரின் சங்கதியே வேறு. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் வெல்டிங் பட்டறைக்காரர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மலிவு விலை சானிட்டரி நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி, 2006இல் சென்னை ஐஐடிக்காரர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்தார். 2012இல் பெங்களூரு டெட் மேடையிலும் பேசினார். நாப்கினைச் சோதிக்க ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி, இடுப்பில் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்த கதையை ஒரு மனிதன் தன் சொந்த பாணி ஆங்கிலத்தில் சொல்லும்போது யாருக்குத் தூக்கம் வரும்? அத்தனை சிரிப்புக்கும் அடியில் பஞ்சுக்கும் மரநார்க்கூழுக்கும் உள்ள வித்தியாசம் கேட்பவர் மண்டையில் ஏறியிருக்கும். சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு மெட்டீரியல் சயன்ஸ் வகுப்பு.

சங்கரன்கோவில்காரர்களுக்கு வெளியூர் ஆளே தேவையில்லை. இந்த ஊர்த் தலபுராணமே ஒரு வாக்குவாதத்தில்தான் தொடங்குகிறது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் மல்லுக்கு நின்றார்கள். கோமதி அம்மன் தவமிருக்க, பாதி சங்கரனும் பாதி நாராயணனுமாகத் தீர்ப்பு வந்தது. ஆண்ட்ராய்டா ஆப்பிளா என்று விடுதி அறையில் கட்டிப் புரளும் மாணவர்களுக்கு, அந்தத் தவத்தைக் கொண்டாடும் ஆடித்தபசை விடப் பொருத்தமான திருவிழா கிடையாது.

இருந்தாலும் தூக்கத்துக்குச் சரியான மருந்து வில்லுப்பாட்டுதான். நெல்லைச் சீமையின் கோயில் கொடைகளில் ராத்திரி முழுக்க ஜனங்களை உட்கார வைத்த கலை அது. குடத்தின் மேல் பெரிய வில், வில்லில் வரிசையாக மணிகள், நாணைத் தட்ட இரண்டு வீசுகோல். பக்கத்தில் உடுக்கை, தாளம், குடத்தின் வாயில் பத்தி என்னும் மட்டையால் அறைகிற ஒருவர். எல்லாவற்றையும் விட முக்கியம், பின்பாட்டுக்காரர். “ஆமா” போடுவது மட்டும் அவர் வேலை இல்லை. கூட்டத்துக்கு வருகிற சந்தேகத்தை அவர்தான் முந்திக்கொண்டு கேட்பார். சைபர் பாதுகாப்பை வில்லில் ஏற்றினால் இப்படிப் போகும் என்று வைத்துக்கொள்ளலாம்:

“பேங்க்ல இருந்து பேசுறேன்னு ஒருத்தன் போன் போட்டான்.”

“ஆமா, போட்டான்.”

“ஓடிபி சொல்லுங்கன்னான்.”

“சொல்லித் தொலைச்சீரா?”

“சார்னு கூப்பிட்டானே வே!”

நாற்பது ஸ்லைடு போட்டாலும் அந்த “சார்” விஷயம் பிடிபடாது. இது ஒன்றும் புது யோசனையும் இல்லை. நெல்லைப் பக்கம் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம், காந்தி கதையையே வில்லில் ஏற்றியவர். அரசு அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தது. கேட்பதற்கு ஆளும் இருக்கிறது. 2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக்கு மென்பொருள் நிறுவனமான சோஹோ வந்துவிட்டதால், பகலில் கோடு எழுதிவிட்டு ராத்திரி ஊர்க்கொடைக்குப் போக வசதி உள்ள எஞ்சினியர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு.

சிக்கலெல்லாம் அமைப்பாளரின் படிவத்தில்தான். பெயர், பதவி, நிறுவனம், பிபிடியை முன்கூட்டியே அனுப்பவும் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பதவிக் கட்டத்தில் ‘குடம்’ என்று எழுதினால் துறைத்தலைவர் கூப்பிட்டு விசாரிப்பார். நேரமும் இடிக்கும்: ஒரு பேச்சாளருக்கு முக்கால் மணி. வில்லுக்காரர்கள் காப்புப் பாடி, சபைக்கு வணக்கம் சொல்லி, குருவை நினைத்துக் கதைக்குள் நுழைவதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். அந்த விஷயத்தில் மட்டும் காலையில் பேசிய சிறப்பு விருந்தினருக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.