நாய் வாரியாக அடுக்குதல்

பார்சல் வந்தது செவ்வாய்க்கிழமை. சேகரிப்பாளரின் கோபம் இன்னும் இறங்கவில்லை.

'புத்தம்புதிதாக மீட்டெடுக்கப்பட்ட பிரதி' என்று உறையில் தங்க எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே இருந்தது 'மை மேன் காட்ஃப்ரி', 1936இல் கிரிகரி லா காவா எடுத்த படம். அதன் டைட்டிலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நடிகர்களின் பெயர்கள் மன்ஹாட்டன் ஆற்றங்கரைக் கட்டடங்களின் மேல் நியான் விளக்குகளாக ஒவ்வொன்றாய் எரியும். கேமரா மெல்ல நகர்ந்து பாலத்தடிக் குப்பைமேட்டில் போய் நிற்கும். இந்தப் பிரதியில் விளக்கையும் காணோம், கட்டடத்தையும் காணோம். சாம்பல் நிறத்தில் ஏதோ கசிந்துகொண்டிருந்தது. அது வில்லியம் பவலாக இருக்கலாம். கரோல் லோம்பார்டாகவும் இருக்கலாம். பின்னணி இசைக்குப் பதில், பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவதுபோல ஓர் இரைச்சல்.

இதே படம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. கேட்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு ராசிபலனுக்குப் போகலாம்.

விஷயம் இதுதான். அந்தக் கால அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை முதலில் 28 ஆண்டுகளுக்குத்தான். பிறகு யாராவது மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். 'மை மேன் காட்ஃப்ரி'யை யாரும் புதுப்பிக்கவில்லை. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940), கலர்ப் படமான 'நத்திங் சேக்ரட்' (1937) ஆகியவற்றுக்கும் இதே கதி. ஆளில்லாச் சொத்து என்று தெரிந்ததும் கையில் ஒரு தேய்ந்த பிரிண்ட் இருந்தவரெல்லாம் டிஸ்க் போட்டார்கள். சிலர் கறுப்பு வெள்ளைக் காட்ஃப்ரிக்கு வண்ணமும் பூசினார்கள். அவர்கள் வீட்டில் யாரும் தடுக்கவில்லை போலிருக்கிறது.

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யில் கேரி கிராண்டும் ரோஸலின்ட் ரஸ்ஸலும் ஒருவர் பேசி முடிக்குமுன் மற்றவர் பேசுவார்கள். இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸ் வேண்டுமென்றே செய்த வேலை அது. மலிவு டிஸ்க்கில் சப்டைட்டில் கிடையாது. ஆகவே நம்மூர்ச் சேகரிப்பாளர், தாம் உயிரென மதிக்கும் படத்தில் பாதி வசனம் என்னவென்றே தெரியாமல் சரியான இடத்தில் சிரிக்கப் பழகியவர்.

"மாமா, இது யூடியூப்ல ஓசியிலேயே கிடக்குதே?" என்றான் அக்கா மகன், பிரித்த பார்சலைப் பார்த்து.

டிஸ்க்காக வாங்குவதே அறிவுடைமை என்பதற்கு அவரிடம் மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, அலமாரியில் இருப்பது அலமாரியிலேயே இருக்கும். உரிமம் முடிந்தது என்று நள்ளிரவில் யாரும் வந்து எடுத்துப் போக முடியாது. இரண்டாவது காரணத்துக்குப் போகுமுன் அந்த அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை.

ஆண்டு வாரியாக அடுக்கலாம். 1934ஆம் வருஷத்து 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' முதலில் நிற்கும். அதே கதையை நம்ம ஏவி.எம். 1956இல் இந்தியில் 'சோரி சோரி'யாக எடுத்தது. அதைப் பக்கத்தில் வைப்பதா, 22 வருஷம் தள்ளி வைப்பதா என்று முதல் தட்டிலேயே தகராறு. நடிகர் வாரியாக என்றால் கேரி கிராண்ட் பாதி அலமாரியைப் பிடித்துக்கொள்வார். ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கேவல் 1981இல் ஒரு புத்தகம் எழுதி, பிரிந்த ஜோடி மறுபடி சேரும் ஏழு படங்களை ஒரே கட்டாகக் கட்டினார். நல்ல யோசனைதான், எட்டாவது படம் வாங்கும் வரை.

ஆகவே நாய் வாரியாக.

ஸ்கிப்பி என்பது அதன் பெயர். வயர் ஃபாக்ஸ் டெரியர். 'தி தின் மேன்' (1934) படத்தில் பவலும் மிர்னா லாயும் குடித்துக்கொண்டே துப்பறிய, ஆஸ்டாவாக வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போனது. டாஷியல் ஹாமெட்டின் நாவலில் ஆஸ்டா ஷ்னாஸர் இனத்துப் பெண் நாய். சினிமாவில் இனமும் மாறியது, பாலும் மாறியது. நாவலுக்குத் துரோகம் என்று எதற்கெல்லாமோ கொதிக்கிறவர்கள் இதற்கு வாயே திறக்கவில்லை. படப்பிடிப்பில் அது மிர்னா லாயை ஒருமுறை கடித்தும் இருக்கிறது. நட்சத்திரம்தானே.

அடுத்தது 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937). இதில் மிஸ்டர் ஸ்மித். விவாகரத்து கேட்டு வந்த கணவனும் மனைவியும் கோர்ட்டில் நாய்க்காகச் சண்டை போடுகிறார்கள். யார் கூப்பிட்டால் போகிறதோ அவருக்கே நாய் என்கிறார் நீதிபதி. ஐரீன் டன் கைக்குள் மறைத்த பொம்மையைக் காட்டி ஜெயிக்கிறார். பிறகு வருகிறது அந்தத் தொப்பிக் காட்சி. படுக்கையறையில் ஒளிந்திருப்பவரின் தொப்பியை ஐரீன் டன் மறைத்து மறைத்து வைக்க, விளையாட்டு என்று நினைத்த நாய் தேடித் தேடிக் கொண்டுவந்து போடுகிறது. அது நிறுத்தவே நிறுத்தாது. வாலில்தான் என்ன ஒரு கடமையுணர்ச்சி! படத்துக்காக லியோ மெக்கேரிக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கொடுத்தார்கள். நாய்க்கு ஒன்றுமில்லை. சேகரிப்பாளருக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை.

மூன்றாவது 'பிரிங்கிங் அப் பேபி' (1938). இங்கே பெயர் ஜார்ஜ். புரொஃபசர் கிராண்ட் டைனோசர் எலும்புக்கூட்டை முடிக்கக் காத்திருந்த கடைசி எலும்பை இது தோட்டத்தில் எங்கோ புதைத்துவிடும். கிராண்டும் கேதரின் ஹெப்பர்னும் நாலு காலில் தவழ்ந்து தோண்டுவார்கள். வெளியான காலத்தில் படம் நஷ்டம். நாயைக் குறை சொல்ல முடியாது.

இந்த மூன்று படங்களையும் எடுத்தவை முறையே எம்.ஜி.எம்., கொலம்பியா, ஆர்.கே.ஓ. பெரிய பெரிய நடிகர்களெல்லாம் ஒரே ஸ்டூடியோவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த காலத்தில் இந்த நாய் மூன்று வாசலிலும் சம்பளம் வாங்கியது. வினையும் அங்கேதான். முதலும் மூன்றாவதும் இப்போது வார்னர் வசம்; நடுவில் இருப்பது சோனி வசம். மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்க இரண்டு கம்பெனி வக்கீல்கள் ஒரு மேசையில் உட்கார வேண்டும். போதாக்குறைக்கு பாரமவுண்ட் தன் பழைய படங்களை 1958இல் விற்றுத் தீர்த்ததால் 'தி லேடி ஈவ்' இருப்பது யுனிவர்சலிடம். அதில் நாய் இல்லை, பாம்புதான். அதைக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார்.

'தின் மேன்' வரிசையில் மொத்தம் ஆறு படங்கள். பிந்தியவற்றில் ஆஸ்டாவாக வருவது வேறு நாய்கள். அவற்றை ஸ்கிப்பி தட்டில் வைப்பது மோசடி. வேறு தட்டில் வைத்தால் செட் உடையும். இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

வாங்கிய டிஸ்க் ஓட வேண்டாமா? டிவிடியில் அமெரிக்காவுக்கு ரீஜன் 1, இந்தியாவுக்கு 5. ப்ளூ-ரேயில் அவர்களுக்கு ஏ, நமக்கு சி. கடலைத் தாண்டி, சுங்கவரி கட்டி வந்து சேர்ந்த டிஸ்க்கைப் பார்த்து, இது உன் நாட்டுக்கு அல்ல என்று பிளேயர் திரையில் எழுதும். எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் ஒன்று வாங்கினார். அதன் மெனு முழுக்கச் சீன மொழி.

இரண்டாவது காரணத்தைச் சொல்ல அவர் தொண்டையைச் செருமித் திரும்பியபோது, அக்கா மகன் சோபாவில் சாய்ந்து போனில் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' பார்த்துக்கொண்டிருந்தான். சப்டைட்டிலோடு. இவர் இதுவரை சிரித்தேயிராத இடங்களிலெல்லாம் சிரிக்கிறான்.